மலையைப் படித்துப் பறவையைக் காண்பது எப்படி?

மலைமீதுள்ள காட்சிமுனைக்கு வருபவர்களைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால், பெரும்பாலோர் அங்கே பத்து நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை என்பது தெரியவரும். அழகாக இருக்கிறது என்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய காட்சியில் கண்ணை எங்கே நிறுத்துவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்வையைப் பிடித்து நிறுத்த ஒரு கேள்வி வேண்டும். மலைகளையும் பறவைகளையும் பார்த்துவந்த ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட கேள்வி ஒன்றுதான்: இது ஏன் இங்கே இருக்கிறது? மலையைப் பார்த்து அதைக் கேட்டால் பாறையில் பதில் கிடைக்கிறது. பறவையைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் மலையில் பதில் கிடைக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் செல்கிறது.

மலையின் முன் முதல் ஒரு மணி நேரம்

முதலில் நேரத்தைச் சரியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நண்பகலில் வெயில் நேர் மேலிருந்து விழுவதால் நிழல்கள் சுருங்கி, மலை தட்டையான பச்சைத் திரை போலத் தெரியும். சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்திலும் மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும் ஒளி பக்கவாட்டில் விழுவதால், ஒவ்வொரு மடிப்பும் ஓடைப் பள்ளமும் தனித்தனியே எழுந்து நிற்கும். ஒரே மலையை ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் பார்ப்பது, இரண்டு மலைகளை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிடப் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

அமர்ந்த பிறகு, கேமராவை எடுப்பதற்கு முன், ஒரு பென்சிலும் தாளும் கொண்டு மலையின் மேல்விளிம்புக் கோட்டை மட்டும் வரையுங்கள். படம் நன்றாக வர வேண்டும் என்பதில்லை. வரைவதற்காகக் கண் அந்தக் கோட்டின் மீது மெதுவாக நகரும்போது, இதுவரை காணாத ஒரு பிளவோ, சரிந்து கிடக்கும் பாறை அடுக்கோ, ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாக இறங்கும் முகமோ தென்படத் தொடங்கும். கோடு கூர்மையாக இருக்கிறதா, உருண்டு இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூரிய முனைகளும் கத்தி முனை போன்ற விளிம்புகளும் பெரும்பாலும் பனியாறுகள் செதுக்கியவை. உருண்ட தோள்கள் நெடுங்காலம் மழையும் காற்றும் தேய்த்தவை. பள்ளத்தாக்கையும் அவ்வாறே படிக்கலாம். அடியில் குறுகி மேலே விரிந்திருந்தால் அதை ஆறு அறுத்திருக்கும். அடி அகன்று பக்கங்கள் செங்குத்தாக நின்றால், ஒரு காலத்தில் அதை நிறைத்துக்கொண்டு பனியாறு நகர்ந்திருக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் வைக்க வேண்டும்: பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. இந்திய நிலத்தட்டு ஆசிய நிலப்பரப்பின் மீது மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த மோதலில் எழுந்த இமயமலை இன்றும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவில் உயர்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் 8,848.86 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்டின் உச்சியில் இருப்பது பழங்காலக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை. அதில் கடல்வாழ் உயிரிகளின் புதைபடிவத் துணுக்குகள் கிடைத்திருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை வேறு. நீலகிரியின் பாறைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை என்றாலும், அரபிக்கடலை நோக்கி நிற்கும் அதன் செங்குத்தான மேற்கு முகத்தின் தொடக்கத்தை, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவிலிருந்து பிரிந்து சென்ற நிகழ்வோடு நிலவியலார் தொடர்புபடுத்துகிறார்கள். இந்தச் செய்திகளைப் போவதற்கு முன்பே படித்துவிட வேண்டும். அங்கே நின்றுகொண்டு கைப்பேசியில் தேடினால் கண் மலையை விட்டு விலகிவிடும்.

அடுத்து, தொலைவைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைவரிசைகளில் அருகிலுள்ளது கரும்பச்சையாகவும், அடுத்தது நீலமாகவும், கடைசியில் உள்ளது வானத்தோடு கரையும் வெளிர்நீலமாகவும் தோன்றும். இடையிலுள்ள காற்று, ஒளியின் நீல அலைகளை மற்றவற்றைவிட அதிகமாகச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதே அதற்குக் காரணம். எத்தனை நீலங்கள் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் தூசு அடங்கிவிடுவதால் அந்த எண்ணிக்கை கூடும்.

மேகத்தையும் விட்டுவிடக் கூடாது. ஈரக்காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது, ஒரு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. ஒரு சிகரத்தின் மேல் மேகம் அசையாமல் நிற்பது போலத் தோன்றினால், சற்று நேரம் அதன் விளிம்பைக் கவனியுங்கள்: காற்று வரும் பக்கம் புதிய துளிகள் உருவாகிக்கொண்டும் எதிர்ப்பக்கம் கரைந்துகொண்டும் இருப்பது தெரியும். நீர் ஓடிக்கொண்டே இருக்க, அலையின் வடிவம் மட்டும் ஓரிடத்தில் நிற்பதைப் போன்றது அது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், கால் மணி நேரப் பொறுமை போதும்.

ஏறும்போது கவனிக்க வேண்டியவை

மலையைத் தூரத்திலிருந்து பார்த்தது போதும் என்று ஏறத் தொடங்கும்போது, பையில் ஒரு சிறிய வெப்பமானியை வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஒரு நாள் ஏற்றத்தில் நீங்கள் கடக்கும் வெப்ப வேறுபாட்டைச் சமவெளியில் காண வேண்டுமானால், துருவத்தை நோக்கிப் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கும். மலையின் மீது இத்தனை வகை உயிர்கள் அடுக்கடுக்காக வாழ்வதன் அடிப்படை இதுவே.

இதை முதன்முதலில் முறையாகக் கண்டு சொன்னவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட். 1802-ஆம் ஆண்டில் அவர் தம் தோழர்களோடு ஈக்வடாரில் உள்ள சிம்போராசோ எரிமலையில் ஏறினார். 6,263 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சியை அவரால் அடைய இயலவில்லை. ஆயினும் எந்த உயரத்தில் எந்தச் செடி தொடங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று வழியெல்லாம் குறித்துக்கொண்டே போனார். அந்தக் குறிப்புகளை ஒரே மலைப் படத்தின் மீது செடிப் பெயர்களாக எழுதி, 1807-இல் வெளியிட்டார். உச்சியைத் தொடாத அந்த ஏற்றத்தை இன்றும் நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் அந்தப் படம்தான்.

அவர் செய்ததை நீங்களும் சிறிய அளவில் செய்யலாம். கைப்பேசி காட்டும் உயரத்தைப் பார்த்து, ஒவ்வொரு 200 மீட்டருக்கும் ஐந்து நிமிடம் நின்று, மூன்றே செய்திகளை எழுதுங்கள்: வெப்பம், சுற்றியுள்ள மரங்களின் சராசரி உயரம், காதில் விழும் பறவைக் குரல்கள். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுபோய், அதன் மேல் புல்லும் பாறையும் மட்டும் எஞ்சும் எல்லையைக் கண்டால், அங்கே சற்றுக் கூடுதல் நேரம் செலவிடுங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சாம்பல்நிற, மஞ்சள்நிறப் பாசிக்காளான் திட்டுகளையும் குனிந்து பாருங்கள். அவற்றில் பல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று பலருடைய ஆயுளைவிட மூத்ததாக இருக்கலாம். அதன் மீது கால் வைக்காதீர்கள்.

உடல்நலம் குறித்து ஒரு சொல். 2,500 மீட்டருக்கு மேல் உயரநோய் யாருக்கும் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு நாள் வேண்டும். தலைவலியோடு குமட்டலும் தள்ளாட்டமும் வந்தால் இறங்குவதே மருந்து. சிகரம் அங்கேயேதான் இருக்கும்.

மலையிலிருந்து பறவைக்கு

இப்போது மலையும் பறவையும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில், புல்வெளிகளுக்கு நடுவே பள்ளங்களில் மட்டும் ஒடுங்கி நிற்கும் குட்டையான, அடர்ந்த காடுகளைச் சோலை என்கிறோம். அந்தச் சோலைகளின் இருண்ட தரையில், நீலச்சாம்பல் நிறமுள்ள சிறு பறவை ஒன்று தாவித் தாவி இரை தேடுகிறது. நீலகிரிப் பக்கம் காணப்படுவதன் விலாப்புறம் செம்பழுப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைப் பக்கம் காணப்படுவதன் வயிறு வெண்மை, விலாவில் அந்தச் செம்பழுப்பு இல்லை. ஏன் இரண்டு? சுமார் 30 கிலோமீட்டர் அகலமான அந்தக் கணவாய் தாழ்வானது, வெப்பமானது. இருபுறமும் 2,000 மீட்டருக்கு மேல் எழும் குளிர்ந்த மலைகளில் வாழப் பழகிய பறவைக்கு அது கடலுக்கு ஒப்பானது. பல லட்சம் ஆண்டுகள் ஒன்றையொன்று சந்திக்காமல் வாழ்ந்து, அவை இரண்டு இனங்களாகிவிட்டன. 2017-இல் அறிவியலாளர்கள் இந்தப் பறவைகளுக்கென வகுத்த பேரினப் பெயரான ஷோலிகோலா, சோலை என்ற நம் சொல்லையே தாங்கியிருக்கிறது. அம்மலைகளின் சிரிப்பான் பறவைகளிலும் இதே பிரிவைக் காணலாம்.

அதனால்தான் மலையைப் படிக்காமல் பறவையைத் தேடக் கூடாது என்கிறேன். வானத்தில் மிதக்கும் தீவுகளைப் போல உலகெங்கும் உயர்ந்த மலைகள் தனித்தனியே நிற்கின்றன. அரிய பறவைகளுள் கணிசமானவை அத்தகைய ஒரு தீவில் மட்டும் வாழ்பவை. பெரு நாட்டின் மலைமுகடு ஒன்றில் 1985-இல் எடுத்த பறவைக் கணக்கை 2017-இல் மீண்டும் எடுத்தபோது, பறவைகள் பொதுவாக மேல்நோக்கி நகர்ந்திருந்ததும், முன்பு உச்சியில் மட்டும் இருந்த சில இனங்கள் காணாமல் போயிருந்ததும் தெரியவந்தது. வெப்பம் ஏறும்போது கீழே உள்ளவை மேலே போகலாம். உச்சியில் உள்ளவை எங்கே போகும்? இந்த நினைப்போடு ஒரு சோலையில் அந்தச் சிறு நீலப் பறவையைப் பார்க்கும்போது, பார்வையே வேறாகிவிடுகிறது.

மலை தடையாக நிற்பது எல்லாப் பறவைகளுக்கும் அன்று. வரித்தலை வாத்து ஆண்டுதோறும் இமயத்தைக் கடந்து வலசை வருகிறது. கருவி பொருத்திக் கண்காணித்ததில் 7,000 மீட்டருக்கு மேலும் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அதன் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், மெல்லிய காற்றிலிருந்தும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளக்கூடியது. சமவெளிக் குளமொன்றில் அது சாதாரணமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும்போது, அது எதைக் கடந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கண்ணுக்கு முன் காது

பறவை நோக்கத் தொடங்குபவர்கள் முதலில் பைனாகுலர் வாங்க விரைகிறார்கள். நான் காதிலிருந்து தொடங்கச் சொல்வேன். காட்டில் பத்துப் பறவைகளில் ஏழெட்டை முதலில் காதுதான் அறிகிறது. விடியலுக்குச் சற்று முன் ஓரிடத்தில் அமர்ந்து கண்களை மூடிக்கொண்டு, எத்தனை வெவ்வேறு குரல்கள் எந்தெந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று விரல்விட்டு எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை. ஆறுமணிக் குருவி என்ற பெயரைப் பாருங்கள்: அதிகாலையிலும் அந்தியிலும் கூவும் அந்த ஒன்பது வண்ணப் பறவைக்குப் பெயரிட்டவர்கள், அதன் நிறங்களை விட்டுவிட்டுக் குரலின் நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுக்கும் ஆள்காட்டியும் அவ்வாறு பெயர் பெற்றதே. இப்பெயர்களை வைத்தவர்கள் நன்றாகக் கேட்டவர்கள்.

பைனாகுலர் வாங்கும்போது அதில் இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். 8, 42 என்று இருந்தால், உருவத்தை 8 மடங்கு பெரிதாக்கும் என்றும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்றும் பொருள். தொடங்குபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. உருப்பெருக்கம் கூடக் கூடக் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் குறுகும். முதலில் வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஒரு பலகை எழுத்தை நடுச் சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் குழலில் உள்ள வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அதன் பின் வளையத்தைத் தொட வேண்டியதில்லை. பறவையைக் கண்டதும் குனிந்து கருவியைத் தேடாதீர்கள்: பார்வையைப் பறவை மீதே ஊன்றி, கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். இந்தப் பழக்கம் கைவர ஒரு வாரம் ஆகும்.

காட்டில் நடந்துகொண்டே இருப்பவருக்குப் பறவைகளின் முதுகுதான் தெரியும். பழமரமோ நீரோடையோ உள்ள இடத்தில், சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்குமாறு அமர்ந்து, அரை மணி நேரம் அசையாதிருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது. பிறகு, நீங்கள் ஆபத்தில்லாதவர் என்று முடிவு செய்துகொண்டு ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். வெப்பமண்டலக் காடுகளில் நெடுநேரம் நிசப்தமாக இருந்துவிட்டு, திடீரென்று பல இனங்களைச் சேர்ந்த முப்பது நாற்பது பறவைகள் ஒன்றாக இரை தேடிக்கொண்டு கடந்து செல்வதும் உண்டு. அப்போது எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதையும் பார்க்க மாட்டீர்கள். ஒரே பறவையைத் தேர்ந்து, அது கண்ணை விட்டு மறையும்வரை அதையே தொடருங்கள்.

பார்த்தவுடன் கையேட்டைத் திறக்காமல், முதலில் எழுதுங்கள். காகத்தைவிடப் பெரிதா, மைனாவைவிடச் சிறிதா? அலகு தடித்ததா, மெல்லியதா, வளைந்ததா? வால் எவ்வளவு நீளம், அதை ஆட்டுகிறதா? தரையிலா, கிளையின் நுனியிலா, மரத்தண்டில் ஒட்டியா? படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், படத்தில் உள்ளதையே கண்டதாக மனம் நம்பிவிடும். நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. பறவைகளின் இறகில் நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருகிறது. தேன்சிட்டு ஒன்று வெயிலில் ஊதாவாக மின்னிவிட்டு, நிழலுக்குள் திரும்பியதும் கறுப்பாகிவிடும்.

அரிதானதைத் தேடும்போது

அரிய பறவையைத் தேடிச் செல்வதற்கு முன், அது ஏன் அரிது என்று கேளுங்கள். கானமயிலுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். இருவாச்சிக்குப் பழம் தரும் பெருமரங்களும், கூடு வைக்கப் பொந்துள்ள முதிய மரங்களும் வேண்டும். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, சிறு பிளவு வழியே ஆண் கொண்டுவந்து ஊட்டும் உணவை நம்பியே மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். எது தேவை என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தையின் கதை இதற்குச் சிறந்த பாடம். 1873-இல் விவரிக்கப்பட்ட அந்த ஆந்தை, 1884-க்குப் பின் எங்கும் கிடைக்காததால் அழிந்துவிட்டதாகவே பலர் கருதினார்கள். 1914-இல் சேகரித்ததாகக் குறிக்கப்பட்ட மாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அது பழைய மாதிரி ஒன்றைத் திருத்தி, பொய்யான இடமும் நாளும் எழுதி ஒட்டப்பட்டது என்பதைப் பமேலா ராஸ்முசனும் அவருடன் ஆய்ந்தவர்களும் கண்டறிந்தார்கள். அந்தப் பொய்க் குறிப்பை ஒதுக்கிவிட்டு, நம்பத்தகுந்த பழைய மாதிரிகள் கிடைத்த பகுதிகளில் ராஸ்முசனும் அவருடைய தோழர்களும் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷகாதா அருகே, பகல் வெளிச்சத்தில், இலையுதிர்ந்த மரக்கிளையில் அந்த ஆந்தை அமர்ந்திருந்தது. 113 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கிடைத்த முதல் உறுதியான காட்சி அது. நீங்கள் உங்கள் குறிப்பேட்டில் எழுதும் இடமும் நாளும் ஏன் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணத்தை நான் அறியேன். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுதுங்கள்.

அரிதாக இருப்பது மட்டுமே அதிசயம் என்று எண்ணவும் வேண்டாம். சேற்றில் அலகைக் குத்திக்கொண்டு நிற்கும் பழுப்பான கரைப்பறவை பட்டைவால் மூக்கன். பிறந்து சுமார் ஐந்தே மாதமான ஒரு பறவை, 2022-இல் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,500 கிலோமீட்டருக்கு மேல் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது.

நெருங்குவதற்கும் எல்லை உண்டு. பறவை இரை எடுப்பதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலோ, கழுத்தை நீட்டினாலோ, ஒலி எழுப்பினாலோ, நீங்கள் ஏற்கெனவே கூடுதலாக நெருங்கிவிட்டீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி, அது கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு உங்களைச் சுற்றி அலையும். இருவாச்சிப் பொந்தின் அருகே மனிதர் நின்றால் ஆண் உணவோடு திரும்பிப் போய்விடக்கூடும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும்.

வீடு திரும்பியதும் உங்கள் குறிப்புகளை ஈபேர்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிவு செய்யுங்கள். 2002-இல் தொடங்கப்பட்ட அந்தத் தளத்தில் சேரும் பட்டியல்களைக் கொண்டுதான், எந்தப் பறவை எங்கே பெருகுகிறது, எங்கே குறைகிறது என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள். கண்டது காகமும் மைனாவும் மட்டுமே என்றாலும், நேரத்தோடும் எண்ணிக்கையோடும் எழுதுங்கள். வேட்டைக்கும் கடத்தலுக்கும் இலக்காகும் இனங்களின் இடத்தை அத்தளமே மறைத்துவிடுகிறது. கூட்டின் இடம் தெரிந்தால், அதைப் படத்தோடு வேறெங்கும் வெளியிடாமல், குஞ்சுகள் பறந்துபோகும் வரையிலாவது உங்கள் குறிப்பேட்டில் மட்டும் வைத்திருங்கள்.